கால் கிளட்ச், கை கியர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

"அண்ணாச்சி, கிளட்ச் போயிருச்சு." காலால் இயக்கும் கிளட்ச் உள்ள பழைய மோட்டார் சைக்கிளோடு செங்கோட்டையில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்லும் முதல் பேச்சு இதுதான். ஆரியங்காவுக்காரர் ஆனாலும் சரி, புனலூர்க்காரர் ஆனாலும் சரி, தென்காசியில் இருந்து தள்ளிக்கொண்டு வந்தவர் ஆனாலும் சரி. பெரும்பாலும் கிளட்ச் போயிருக்காது. பெடலில், கம்பியில், ஒரு தேய்ந்த பின்னில், காலடி பலகையில் விரித்த விரிப்பில் என்று வெளியே எங்கேயாவதுதான் கோளாறு உட்கார்ந்திருக்கும். எஞ்சினில் இருந்து கிளட்ச்சுக்குப் போகும் பிரைமரி செயினின் மூடியைக் கழற்றி, கிளட்ச் பிளேட்டை வெளியே எடுப்பது கடைசி வேலை. அதை முதல் வேலையாகச் செய்து, நன்றாக இருந்த பிளேட்டையும் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் அறிகுறி வாரியாக இதை எழுதுகிறேன்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது ஹார்லி டேவிட்சன் டபிள்யூஎல்ஏ. 45 கன அங்குல எஞ்சின், ஏறக்குறைய 740 சிசி, மூன்று கியர். இரண்டாம் உலகப் போருக்காகச் செய்தது. கனடா ராணுவத்துக்குப் போன டபிள்யூஎல்சி-யையும் சேர்த்தால் சுமார் 90,000 வண்டிகள். போர் முடிந்து இந்தியாவில் தங்கிப்போன ஹார்லிகளை வைத்துத்தான் டெல்லியில் ஃபட்ஃபட்டி என்ற மூன்று சக்கர வண்டிகளை 1990களின் இறுதி வரை ஓட்டினார்கள். அதே அமைப்பில் உள்ள மற்ற வண்டிகளுக்கும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். தொட்டி ஓரத்தில் கியர் கையும் ஹாண்டில்பாரில் கிளட்ச்சும் உள்ள பழைய இங்கிலாந்து வண்டி வைத்திருப்பவர்கள் பெடல் பற்றிய பகுதிகளைத் தாண்டிவிட்டு, கியர் கை பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

புல்லட் ஓட்டிப் பழகியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இந்த வண்டியில் இடது காலடியில் சீசா பலகை மாதிரி ஒரு பெடல். முன்விரலால் அழுத்தினால் கிளட்ச் பிடிக்கும், அதாவது எஞ்சின் விசை சக்கரத்துக்குப் போகும்; குதிகாலால் அழுத்தினால் விடும், விசை போகாது. கார் பெடல் மாதிரி காலை எடுத்ததும் தானாகத் திரும்பி வராது; விட்ட இடத்தில் நிற்க வேண்டும். கியர் கை தொட்டியின் இடது பக்கம். ஒன்று, நியூட்ரல், இரண்டு, மூன்று என்ற வரிசையில் வெட்டுகள் உள்ள ஒரு தகடு இருக்கும், அதைக் கேட் என்போம். முன் பிரேக் பிடியும் இடது கையில்தான். வலது காலுக்குப் பின் பிரேக், வலது கைக்கு ஆக்சிலேட்டர். வேறு கம்பெனி வண்டி வாங்கியிருந்தால் பெடலின் திசையை ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே ரோட்டில் இறக்குங்கள். எல்லாம் ஒரே திசை இல்லை.

எதையும் கழற்றும் முன்: கிக்கர் சோதனை

ஸ்பேனர் எடுக்கும் முன் செய்ய வேண்டியது இது. இந்த வண்டியில் கிக்கர் கியர்பாக்ஸில் இருக்கிறது. நீங்கள் உதைக்கும் உதை கியர்பாக்ஸ் தண்டில் இறங்கி, கிளட்ச் பிளேட் வழியாகப் பிரைமரி செயினுக்குப் போய், அதற்குப் பிறகுதான் எஞ்சினைச் சுற்றுகிறது. அதாவது நடுவில் கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச்சின் நிலவரத்தைக் கிக்கரே சொல்லிவிடும்.

இக்னிஷனை அணைத்துவிடுங்கள். வண்டி நியூட்ரலில். குதிகாலால் பெடலை முழுக்க அழுத்தி, கிளட்ச் விட்ட நிலையில் கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாக இறக்குங்கள். லேசாக, காற்றில் போவது மாதிரி இறங்கினால் கிளட்ச் விடுகிறது. கம்பிரஷன் காலில் முட்டினால் கிளட்ச் விடவில்லை. பிளேட் ஒட்டியிருக்கிறது, அல்லது பெடலின் அசைவு முழுசாக உள்ளே போய்ச் சேரவில்லை. அப்புறம் முன்விரலால் பெடலை அழுத்தி, கிளட்ச் பிடித்த நிலையில் மறுபடி உதையுங்கள். இப்போது கம்பிரஷன் முட்ட வேண்டும். முட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. கையில் கறை படாமல் இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பெடல் விட்ட இடத்தில் நிற்கவில்லை

இந்த ஒன்றை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மற்ற கோளாறுகள் வண்டியை நிறுத்தும். இது வண்டியை ஓடவிடும்.

செங்கோட்டையில் இருந்து கேரளா போகும் மலைப்பாதையில், புளியரை தாண்டி எஸ் வளைவில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள். ஏற்றம். வலது கால் பின் பிரேக்கில். இடது கால் தரையில் ஊன்றியிருக்கிறது, ஏனென்றால் கால் டன் எடையை யாராவது தாங்க வேண்டும். முன்னால் லாரி நகரப்போகிறது என்று இடது கையால் ஒன்றாம் கியரைப் போட்டுவிட்டீர்கள். இந்த நொடியில் கிளட்ச்சை விட்ட நிலையில் பிடித்துக்கொண்டிருப்பது உங்கள் கால் இல்லை. பெடல் தண்டில் உள்ள ஒரு பிடிப்பு வாஷர்தான். உள்ளே கிளட்ச் ஸ்பிரிங் பெடலைத் திருப்பி இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த வாஷரின் உரசல் அதை மறித்து நிற்கிறது. வாஷர் விட்டுக்கொடுத்தால் வண்டி லாரிக்கு அடியில். கோட்டைவாசல் பக்கம் இப்படி ஒரு வண்டி பாய்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். முன்னால் நின்றது வாழைத்தார் ஏற்றிய லாரி. ஓட்டியவர் பின் பிரேக்கில் இருந்து காலை எடுக்காததால் எஞ்சின் இருமி அணைந்துபோனது, மட்கார்டு மட்டும் நசுங்கியது. பட்டறைக்குக் கொண்டுவந்து பெடலைக் கழற்றினேன். பிடிப்பு வாஷரின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது, விரலால் தடவினால் கிரீஸ் ஒட்டியது. வண்டிக்கு முழு சர்வீஸ் செய்தவர் நல்ல எண்ணத்தில் பெடல் தண்டுக்கும் சேர்த்து கிரீஸ் அடித்திருக்கிறார். தண்டுக்குக் கிரீஸ் வேண்டும். வாஷர் முகத்துக்கு ஒரு துளிகூடக் கூடாது.

சோதனை எளிது. வண்டி பின் ஸ்டாண்டில், நியூட்ரலில், எஞ்சின் ஓடட்டும். குதிகாலால் பெடலை அழுத்திவிட்டுக் காலை எடுங்கள். ஒரு சாக்பீஸால் பெடல் விளிம்புக்கு நேராக அடையாளம் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பாருங்கள். எஞ்சின் அதிர்வில் பெடல் நகரக் கூடாது. உள்ளங்கையால் பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டினாலும் நகரக் கூடாது. நகர்ந்தால் வாஷர்களைக் கழற்றி பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் முகத்தை லேசாகத் தேய்த்து, காய்ந்த பிறகு மாட்டி, ஸ்பிரிங்கை அமுக்கும் நட்டைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். வாஷர் உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுவது தவிர வழியில்லை. ஒரேயடியாக இறுக்கியும் விடாதீர்கள். கிளம்பும்போது முன்விரலால் மெல்ல மெல்லப் பிடிக்கவைக்க முடியாமல், பெடல் விக்கி விக்கி நகரும். அதுவும் ஏற்றத்தில் ஆபத்துதான்.

சிலர் இந்தப் பிடிப்பையே எடுத்துவிட்டு, காலை எடுத்ததும் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி ஸ்பிரிங் போட்டு ஓட்டுகிறார்கள். சூசைட் கிளட்ச் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. சமதரையில் எப்படியோ போகட்டும். மலைப்பாதை உள்ள நம் ஊரில் அதை நான் யாருக்கும் செய்துகொடுப்பதில்லை, கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்று கெஞ்சியே சொல்கிறேன்.

கிளட்ச் விடவில்லை: ஒன்றாம் கியர் போட்டால் கரகர, நியூட்ரல் கிடைக்காது

முதலில் பெடல் கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். சாரல் காலத்தில், ஆனி ஆடியில், இந்தப் பக்கம் காலடி பலகை எப்போதும் ஈரம். ஷூ வழுக்குகிறது என்று ஒரு தம்பி தடிமனான ரப்பர் விரிப்பை வெட்டி ஒட்டியிருந்தார். விரிப்பின் ஓரம் பெடலின் குதிகால் பக்கத்துக்கு அடியில் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விரற்கடை. அந்த ஒரு விரற்கடை அசைவு குறைந்ததில் கிளட்ச் அரையும் குறையுமாக விட்டது. அதற்குள் அவர் வேறொரு இடத்தில் பிளேட் செட் முழுவதையும் மாற்றிவிட்டு வந்திருந்தார். பிளேடால் விரிப்பை நறுக்கினேன், வேலை முடிந்தது. பலகை அடிபட்டு வளைந்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து, பெடலில் இருந்து கிளட்ச் கைக்கு, அதாவது கிளட்ச்சை விடவைக்கும் நெம்புகோலுக்குப் போகும் இணைப்பு. சில வண்டியில் கம்பி, சில வண்டியில் கேபிள். ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் குனிந்து ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். பெடல் அசைந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்துக் கிளட்ச் கை அசையத் தொடங்குகிறது? கவட்டை முனைகளில் உள்ள பின்களைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் பின் உருளையாக இருக்கும். தேய்ந்த பின்னுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஓட்டையும் வட்டம் போய் முட்டை வடிவமாகியிருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் போனால் நாலு மூட்டில் இரண்டு மில்லிமீட்டர். கிளட்ச் விடுவதற்கு உள்ளே வேண்டியதே சில மில்லிமீட்டர்தான். புது பின்னும் புஷ்ஷும் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள்.

இவை சரியாக இருந்தும் விடவில்லை என்றால் கிளட்ச் கையின் ஆட்டம், அதாவது எதையும் தள்ளாமல் சும்மா அசையும் அளவு, அதிகமாகியிருக்கிறது. பெடலை முன்விரல் பக்கம் முழுக்க அழுத்தி, கிளட்ச் பிடித்த நிலையில் வைத்து, கிளட்ச் கையின் நுனியை விரலால் ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆட்டம் கட்டாயம் வேண்டும். நிறைய இருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் திருகைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு என்பதற்கு உங்கள் வண்டியின் மேனுவல் சொல்லும் அளவுதான் கடைசி வார்த்தை.

பிளேட் ஒட்டிக்கொள்வது நம் ஊர் ஈரத்தில் சாதாரணம். இரண்டு மாதம் நின்ற வண்டியில் உலோகப் பிளேட்டில் துரு பூத்து, லைனிங்கோடு பிடித்துக்கொள்ளும். குதிகாலால் பெடலை அழுத்திவைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து உதை உதைத்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். கிக்கர் திடீரென்று லேசாகும் அந்த நொடி காலுக்குத் தெரியும். நான் காலையில் வண்டி எடுக்கும்போதெல்லாம் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இப்படி மூன்று உதை உதைத்துவிடுகிறேன். ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டு, பிரேக்கைப் பிடித்துப் பிரிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கியர் பல்லுக்குப் பாவம் செய்யாதீர்கள்.

அப்படியும் பிரியவில்லை என்றால்தான் மூடியைத் திறக்க வேண்டும். திறந்ததும் பிளேட்டை எடுத்துவிடாமல், ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லி அழுத்தும் தட்டு எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் முன்னாலும் ஒரு பக்கம் பின்னாலும் கோணலாக வந்தால் ஸ்பிரிங் நட்டுகள் சமமாக இல்லை.

கிளட்ச் வழுக்குகிறது: எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை

சமதரையில் தெரியாது. தென்காசி ரோட்டில் நன்றாகப் போன வண்டி, புளியரை தாண்டியதும் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் அப்படியே நின்றால் இதுதான். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடையும் வரும்.

முதல் காரணம் ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைத்திருப்பது. கிளட்ச் கை தள்ளும் கம்பியான புஷ் ராடு எப்போதும் பிளேட்டைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன மாதிரி ஆட்டம் கொடுத்துவிட்டு மறுபடி ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது பாதம் எங்கே இருக்கிறது என்றும் கவனியுங்கள். அறியாமலே குதிகாலைப் பெடலின் பின்பக்கம் ஊன்றி ஓட்டுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது எண்ணெய். இந்தக் கிளட்ச் எண்ணெயில் ஊறி ஓடும் வகை இல்லை. பிரைமரி செயினுக்குக் கிடைக்கும் எண்ணெய் அளவுக்கு மீறினால் பிளேட்டில் ஏறிவிடும். லைனிங்கைக் கழுவிக் காயவைத்துச் சில மாதம் ஓட்டலாம், ஆனால் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கழுவினால் அதே வேலை திரும்ப வரும். ஸ்பிரிங்கை மேலும் மேலும் இறுக்கி வழுக்கலை மறைப்பது மருந்தே இல்லை. பெடல் கனத்து, பிடிப்பு வாஷரால் தாங்க முடியாமல், முதலில் சொன்ன ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

கியர் நழுவுகிறது, கை கேட்டில் உட்காரவில்லை

இதில் ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வண்டிகள் பட்டறைக்கு வரவே வேண்டாம். பிரைமரி செயினை இறுக்குவதற்கு இந்த வண்டியில் கியர்பாக்ஸையே பின்னால் நகர்த்த வேண்டும். கியர்பாக்ஸ் நகர்ந்தால் கியர் கையில் இருந்து கீழே போகும் கம்பியின் அளவு தப்பிவிடும். கிளட்ச் இணைப்பின் அளவும் தப்பிவிடும். பின் செயின் தொய்ந்துவிடும். ஒன்றைத் தொட்டால் நாலும் மாறும்.

புனலூரில் இருந்து ஒருவர் வந்தார். மூன்றாம் கியர் ஏற்றத்தில் தானாக நழுவுகிறது. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்து, பல் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கோளாறு அப்படியே. எப்போது தொடங்கியது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "புது செயின் போட்டதுக்கு அப்புறம்தான் அண்ணாச்சி" என்றார். புது பிரைமரி செயினுக்காகக் கியர்பாக்ஸை முன்னால் தள்ளியிருக்கிறார்கள், கம்பியைத் தொடவில்லை. மேலே கை மூன்றாம் வெட்டில் உட்கார்ந்துவிட்டது. கீழே கியர் முழுசாக உள்ளே போகாமல் பல்லின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நின்றது. கவட்டை முனையை நாலு சுற்றுத் திருப்பியதில் சரியானது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது, அவ்வளவு செலவு செய்திருந்தார்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் பிரைமரி செயின், பிறகு பின் செயின், பிறகு கியர் கம்பி, கடைசியில் கிளட்ச் ஆட்டம். மாற்றிச் செய்தால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டும்.

கம்பியை அளவு வைப்பது இப்படி. கீழ் முனையின் ஸ்பிளிட் பின்னை எடுத்து, கம்பியைக் கியர்பாக்ஸ் கையில் இருந்து கழற்றிவிடுங்கள். பின் சக்கரத்தை ஒரு கையால் லேசாகச் சுற்றிக்கொண்டே, கியர்பாக்ஸ் கையை மறு கையால் நகர்த்துங்கள். ஒவ்வொரு கியருக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழும்போது கையில் ஒரு சின்ன 'டக்' தெரியும். நான் இரண்டாம் கியரின் பள்ளத்தில் நிறுத்துவேன். மேலே கையையும் கேட்டின் இரண்டாம் வெட்டில் நடுவாக வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது கவட்டை முனையைத் திருகித் திருகி, அதன் பின்னானது வெறும் விரல் அழுத்தத்திலேயே தானாக ஓட்டையில் இறங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சுத்தியலைத் தேடினால் அளவு தப்பு என்று அர்த்தம். பிறகு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். உள்ளே பள்ளத்தில் விழுவதும் மேலே வெட்டில் உட்காருவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் நழுவினால் தொட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். கேட் தொட்டியோடு சேர்ந்தது. தொட்டி போல்ட் தளர்ந்தால் கேட்டும் நகரும். கியர்பாக்ஸைச் சட்டத்தோடு பிடிக்கும் நட்டுகளையும் பாருங்கள். இவை எல்லாம் சரியென்றால் அப்போது கியர்பாக்ஸைப் பிரிக்கலாம்.

ஒன்றில் இருந்து இரண்டுக்குப் போகும்போது கரகர

கிக்கர் சோதனையில் கிளட்ச் நன்றாக விடுகிறது, கம்பி அளவும் சரி என்றால், கோளாறு கையின் அவசரத்தில். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நியூட்ரல் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சு நேரம் கையை நிறுத்தி, எஞ்சின் வேகம் இறங்கிய பிறகு இரண்டில் தள்ளுங்கள். திரும்ப ஒன்றுக்கு வருவதானால் வண்டி கிட்டத்தட்ட நின்ற பிறகுதான். ஓடுகிற வண்டியில் ஒன்றைத் திணிக்காதீர்கள்.

கிளம்பும்போது குதிக்கிறது

பிளேட்டில் துரு அல்லது கொஞ்சம் எண்ணெய், எஞ்சின் போல்ட் தளர்வு, தொய்ந்த பிரைமரி செயின். இந்த மூன்றைப் பாருங்கள். பெடல் விக்கி நகர்ந்தாலும் குதிக்கும். அது பிடிப்பு வாஷர் வேலை.

பெடல் கனக்கிறது

கேபிள் உள்ள வண்டியானால் கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு மேல் முனையில் எண்ணெய் சொட்டுங்கள், கீழ் முனையில் கறுப்பாக வடிந்து சுத்தமாக வரும் வரை. கூர்மையாக வளைத்துக் கொண்டுபோயிருந்தால் பாதையை மாற்றுங்கள். கிளட்ச் கை சுழலும் இடத்துக்கும் கிரீஸ். இவை முடிந்தும் கனத்தால் ஸ்பிரிங் நட்டுகளை யாரோ அதிகமாக இறுக்கியிருக்கிறார்கள்.

எந்த வேலை செய்திருந்தாலும், வண்டியை வெளியே எடுக்கும் முன் சாக்பீஸ் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். அதற்குப் பிறகு வீட்டு வாசலில் ஒரு சின்ன ஏற்றம் கண்டுபிடித்து, முன்னால் யாரும் இல்லாதபோது நிறுத்திக் கிளம்பிப் பழகுங்கள்: வலது கால் பின் பிரேக், இடது கால் தரை, பெடல் குதிகால் நிலையில் தானாக நிற்கட்டும், இடது கையால் ஒன்றாம் கியர், கை திரும்பி முன் பிரேக்குக்கு வரட்டும், பிறகு இடது கால் பெடலுக்கு ஏறி முன்விரலால் மெல்ல அழுத்த, எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும்போது பிரேக்கை விடுங்கள். இருபது முறை இப்படித் தடங்கல் இல்லாமல் வந்த பிறகு எஸ் வளைவுக்கு வாருங்கள்.